கிளட்ச் மாற்றிய பிறகு வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, அலைன்மென்ட் ரிப்போர்ட்டோ முழுப் பச்சை

பொன்மலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டியின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் "அந்த வண்டியா, அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் தலைவலி வண்டி கொடுத்ததல்ல, ஒர்க்‌ஷாப் கொடுத்தது.

மூன்று வாரத்துக்கு முன் கிளட்ச் செட் மாற்றக் கொடுத்தேன். கொடுக்கும்போது வண்டி கோடு போட்ட மாதிரி நேராகத்தான் ஓடியது. எடுத்துக்கொண்டு வந்த மறுநாள் திருச்சியிலிருந்து பெரம்பலூர் போனேன். சமயபுரம் டோல்கேட் தாண்டி 80-ல் போகும்போதுதான் தெரிந்தது, பிடியை லேசாகத் தளர்த்தினாலே வண்டி இடப்பக்கம் நழுவுகிறது, மூன்று நான்கு விநாடியில் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. நேராகப் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். போய் இறங்கியபோது தோள்பட்டை கழன்று விழாத குறை.

முதல் தடவை திரும்பக் கொண்டுபோனேன், "ரோடு சரிவு சார், எல்லா வண்டியும் அப்படித்தான்" என்றார்கள். நேற்றுவரை அதே ரோட்டில்தானே ஓட்டினேன் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு, சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளக்கும் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினார்கள். இப்போது ஸ்டியரிங் நேராக நிற்கிறது, ஆனால் இழுப்பு அப்படியே இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து "பாருங்க, எல்லாம் பச்சை" என்கிறார்கள். மூன்றாம் தடவை போனதற்கு "டயர் மாத்திப் பாருங்க" என்கிறார்கள். டயர் போட்டு 14,000 கிலோமீட்டர்தான் ஆகிறது.

கிளட்சுக்கும் அலைன்மென்ட்டுக்கும் அப்படி என்ன சம்பந்தம்? பச்சை காட்டும் காகிதத்தை நம்புவதா, என் தோள்பட்டையை நம்புவதா? இன்னொன்று, முன்பக்க டயர்களைக் கையால் தடவினால் ரம்பம் மாதிரி நெருடுகிறது, அது இனி சரியாகுமா?

மலைப்பாதை:

முதல் வேலையாகக் காற்றைப் பாருங்கள். கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அந்த அளவு, அதுவும் டயர் சூடாவதற்கு முன்னால். ஒரு பக்கம் ஐந்தாறு பாயிண்ட் குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். நான் ஒருமுறை இதற்காக இரண்டு இடத்தில் அலைன்மென்ட் பண்ணிக் காசை விட்டேன், கடைசியில் வால்வில் கசிவு.

காற்று சரியாக இருந்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலப்பக்கம் திரும்பினால் குற்றம் டயரில். ரேடியல் டயருக்கு உள்ளே பெல்ட் கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் டயர் கூம்பு மாதிரி உருளும், எந்த மெஷினும் அதைக் காட்டாது. டயரில் அம்புக்குறி இருந்தால் மட்டும் பக்கம் மாற்ற வேண்டாம்.

ஷார்ஜா ஓட்டி:

ரோடு சரிவு என்பதும் முழுப் பொய் இல்லை நண்பரே. மழைத் தண்ணீர் வடிய சாலையின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுவார்கள். ஊரில் இடது ஓரமாக ஓட்டுகிறோம், அதனால் லேசாக இடப்பக்கம் போகும். இங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் வலப்பக்கம் போகும். சந்தேகமாக இருந்தால் காலியான நாலு வழிச்சாலையில் உள் தடத்திலும் வெளித் தடத்திலும் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் நான்கு விநாடியில் கோட்டைத் தொடுகிறது என்றால் அது சரிவு இல்லை.

பொன்மலைக்காரன்:

நேற்றே காற்று பிடித்தேன், நான்கும் சமம். இன்று காலை வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு முன் டயர் இரண்டையும் மாற்றிப் போட்டேன். உள் தடம், வெளித் தடம் இரண்டிலும் ஓட்டினேன். உள் தடத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் இரண்டிலும் இடப்பக்கம்தான். ஆக டயர் குற்றவாளி இல்லை, ரோடும் இல்லை.

ரசமட்டம்:

நான் நாமக்கல். லாரிக்கு நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்துத் தொழில் பழகியவன், இப்போது கார் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருஷமாக இதே வேலை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் இன்ஜினும் கியர் பாக்ஸும் குறுக்காக உட்கார்ந்திருக்கும். கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், அதற்கு சக்கரத்தைச் சுழற்றும் இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் உருவ வேண்டும், ஷாஃப்ட் வெளியே வர நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) விலக்க வேண்டும். அப்படி விலக்க, நக்கிளைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டையோ, மேலே ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையோ கழற்றுவார்கள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் பெரும்பாலும் கழலும். நிறைய மாடல்களில் இதற்கும் மேலே, கீழே இரண்டு லோயர் ஆர்மையும் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேமையே தளர்த்தி இறக்கினால்தான் கியர் பாக்ஸ் வெளியே வரும். அதாவது நீங்கள் கிளட்ச் மாற்றக் கொடுத்தீர்கள், அவர்கள் முன்பக்க சஸ்பென்ஷனையே பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லி, கடைசியில் அலைன்மென்ட் பார்ப்பதையும் வேலையோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும். பல இடத்தில் செய்வதில்லை.

பிரித்ததைச் சேர்க்கும்போது எங்கெங்கே தவறும் என்று கேட்டால், டை ராட் லாக் நட்டைத் தளர்த்தி எண்டைச் சுற்றி எடுத்திருந்தால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், போய்விடும். ஸ்ட்ரட் போல்ட் துளையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், எந்த நிலையில் முறுக்குகிறார்களோ அதைப் பொறுத்து கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளேயோ (நெகட்டிவ்) வெளியேயோ (பாசிட்டிவ்) சாய்ந்திருக்கும் கோணம், மாறும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், வண்டி தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். சப்ஃப்ரேமை இறக்கியிருந்தால் ஸ்டியரிங் தண்டின் ஜாயிண்ட்டையும் கழற்றியிருக்கலாம், அதை ஒரு பல் மாற்றிச் செருகினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அதைச் சரிசெய்யாமல் டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்குவது குறுக்கு வழி, அப்புறம் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும், மறு பக்கம் குறைவாகத் திரும்பும். இதைவிட மோசம், ஸ்டியரிங் வீலையே கழற்றி நேராக மாட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. ஏர்பேக் இருக்கிற இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இப்போது பச்சைக்கு வருவோம். சின்ன கார்களில் முன்பக்கம் திருகித் திருத்தும்படி கம்பெனி கொடுத்திருப்பது பெரும்பாலும் டோ ஒன்றைத்தான். கேம்பரும் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) அளக்க மட்டும்தான். அவர்கள் டோவைத் திருத்தினார்கள், ஸ்டியரிங் நேரானது, சரி. ஆனால் டோவால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது அபூர்வம், டோ தப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும், அவ்வளவுதான். இழுப்பு என்றால் கேம்பர், காஸ்டர், பிரேக், டயர் இந்த நான்கில் தேட வேண்டும். கேம்பர் எந்தப் பக்கம் அதிகம் பாசிட்டிவோ வண்டி அந்தப் பக்கம் போகும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் போகும்.

அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களை இங்கே போடுங்கள். பழைய ரிப்போர்ட் ஏதாவது வைத்திருந்தால் அதையும். பிரேக்கையும் பார்த்துவிடுங்கள், பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி இரண்டு முன் வீல் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கோவை வாசகி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் சர்வீஸ் விட்டு வந்த பிறகுதான் பிரச்சினை, ஆனால் இழுப்பு இல்லை, 90 தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, 110-ல் குறைந்துவிடுகிறது. இதுவும் அலைன்மென்ட்தானா?

ரசமட்டம்:

இல்லைம்மா, குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகும் நடுக்கம் பேலன்சிங். ரொட்டேஷன் பண்ணும்போது ஈய எடை ஒன்று விழுந்திருக்கும், அல்லது ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே மண்ணோ துருவோ இருக்கும். முன் வீல் இரண்டையும் கழற்றி ஹப்பைத் துடைத்து பேலன்ஸ் பாருங்கள். அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பொன்மலைக்காரன்:

அண்ணே, கோடி நன்றி. பிரேக் பார்த்தேன், இரண்டும் ஒரே சூடுதான்.

இப்போது எண்கள். ஆறு மாதத்துக்கு முன் டயர் கடையில் பார்த்த காகிதம் டாஷ்போர்டு பெட்டியில் கிடந்தது, இன்ஷூரன்ஸ் பேப்பரோடு ஒட்டிக்கொண்டு. அதில் கேம்பர் இடது மைனஸ் 20 மினிட், வலது மைனஸ் 25 மினிட்.

ஒர்க்‌ஷாப் கொடுத்த காகிதத்தில் கேம்பர் இடது பிளஸ் 8 மினிட், வலது மைனஸ் 53 மினிட். பக்கத்திலேயே அனுமதி அளவு 0, பிளஸ் மைனஸ் 1 டிகிரி என்று போட்டிருக்கிறது, அதனால்தான் இரண்டும் பச்சை. மொத்த டோ திருத்துவதற்கு முன் 38 மினிட், திருத்திய பின் 5 மினிட். காஸ்டர் கட்டம் காலி, கோடு போட்டிருக்கிறது.

ரசமட்டம்:

காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்களே, பாதி வேலை முடிந்தது.

ஒரு டிகிரிக்கு 60 மினிட். இடதுக்கும் வலதுக்கும் நடுவே இப்போது 61 மினிட், அதாவது ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம். அரை டிகிரி தாண்டினாலே நான் வண்டியை வெளியே விடமாட்டேன். மெஷின் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக அனுமதி அளவோடு ஒப்பிட்டு நிறம் போடுகிறது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை. பச்சை பொய் இல்லை, ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதிலும் இல்லை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பழைய எண்கள் இரண்டையும் கூட்டினால் மைனஸ் 45. புது எண்களைக் கூட்டினாலும் மைனஸ் 45. இடது 28 மினிட் பாசிட்டிவ் பக்கம் போயிருக்கிறது, வலது அதே 28 மினிட் நெகட்டிவ் பக்கம். ஒரு பக்கத்து ஸ்ட்ரட் போல்ட் நழுவியிருந்தால் ஒரு சக்கரம் மட்டும்தான் மாறியிருக்கும். இரண்டும் சொல்லி வைத்தாற்போல் எதிரெதிராக மாறியிருக்கிறது என்றால், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒன்று நகர்ந்திருக்கிறது. சப்ஃப்ரேம். வலப்பக்கம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். இடது பால் ஜாயிண்ட் உள்ளே போனது, வலது வெளியே போனது. இத்தனை மினிட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். போல்ட் துளை பெரிசாக இருக்கிற வண்டியில் அது சர்வ சாதாரணம்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒர்க்‌ஷாப் காகிதத்தில் காஸ்டர் காலி என்றால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பி அளக்கும் வேலையையே செய்யவில்லை என்று அர்த்தம், பத்து நிமிஷம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வேறு கடையில் அதைச் செய்யச் சொல்லுங்கள், முன் சக்கரம் நிற்கும் டர்ன் டேபிளின் பின்னை எடுத்துவிட்டு, பிரேக் பெடலைக் கம்பி வைத்து அழுத்திப் பிடித்து. காஸ்டரோடு எஸ்.ஏ.ஐ. என்று இன்னொரு எண் வரும், ஸ்டியரிங் அச்சு உள்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அது. ஸ்ட்ரட் போல்ட் நழுவினால் கேம்பர் மட்டும் மாறும், எஸ்.ஏ.ஐ. மாறாது. சப்ஃப்ரேம் நகர்ந்தால் கேம்பர் எவ்வளவு கூடியதோ எஸ்.ஏ.ஐ. அவ்வளவு குறையும்.

டயர் விஷயம். 38 மினிட் டோ என்றால் சக்கரத்துக்கு 19. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு முன் டயரும் ஐந்தரை மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது. திருத்துவதற்கு முன் எவ்வளவு ஓட்டினீர்கள்?

பொன்மலைக்காரன்:

கிட்டத்தட்ட 600.

ரசமட்டம்:

அப்படியென்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் டயரைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போன கணக்கு. அதுதான் அந்த ரம்பம். டயர் போகவில்லை, எல்லாம் சரியான பிறகு பின்னால் போட்டு ஓட்டுங்கள், கொஞ்ச நாள் உறுமும், அப்புறம் அடங்கும்.

வழக்குக்கட்டு:

ஜாப் கார்டு, பில், இரண்டு ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். இனி போவதை வாய்ப்பேச்சாக வைக்காமல் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதிக் கேளுங்கள், இன்ன தேதியில் வேலை, இன்ன தேதியில் புகார், இன்ன எண் என்று. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று போடலாம், இரண்டு வருஷம் அவகாசம், பில் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் சப்ஃப்ரேமைத் தள்ளி மாட்டுவது அரை நாள் வேலை, அதை அவர்களே செய்துவிட்டால் வழக்கெல்லாம் எதற்கு?

பொன்மலைக்காரன்:

வேறு கடையில் 700 ரூபாய் கொடுத்து முழுசாக அளந்தேன். அந்தப் பையன் "காஸ்டரும் வேணுமா சார்?" என்று ஆச்சரியமாகக் கேட்டுவிட்டுத்தான் பின்னைப் பிடுங்கினான். காஸ்டர் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். எஸ்.ஏ.ஐ. இடது 12 டிகிரி 2 மினிட், வலது 12 டிகிரி 58 மினிட்.

ரசமட்டம்:

நடுவில் 12 டிகிரி 30 மினிட், அங்கிருந்து ஆளுக்கு 28 மினிட் இப்படியும் அப்படியும். வேறு சாட்சி வேண்டாம். போய் சண்டை போடாமல் ஒன்று மட்டும் சொல்லுங்கள், "வண்டியை லிஃப்ட்டில் ஏற்றுங்கள், சப்ஃப்ரேம் போல்ட்டைச் சுற்றி பழைய வாஷர் தடம் எங்கே இருக்கிறது என்று நாமிருவரும் பார்ப்போம்." ஏழெட்டு வருஷம் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்த போல்ட் தலை தடம் விடாமல் இருக்காது.

பொன்மலைக்காரன்:

முடிந்தது அண்ணே. முழுசாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு இதே தலைவலியோடு வேறு யாராவது தேடிக்கொண்டு வருவார்கள்.

சனிக்கிழமை காலை போனேன். சூப்பர்வைசர் முதலில் காகிதத்தைப் பார்க்கவே மறுத்தார், "வெளிக்கடை மெஷின் எல்லாம் காலிபரேஷன் இருக்காது" என்றார். சரி, உங்கள் மெஷினிலேயே இருக்கும் கேம்பர் எண்ணைப் பாருங்கள், 61 மினிட் வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் அங்கே வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர், கிளட்ச் வேலை பார்த்தவர் இல்லை, வேறொருவர், வந்து எட்டிப் பார்த்துவிட்டு "ஏத்துப்பா மேல" என்றார்.

டார்ச் அடித்ததும் தெரிந்தது. ஒவ்வொரு போல்ட்டிலும் வாஷருக்கு வலப்பக்கம் நகக்கண் மாதிரி பளிச்சென்று ஒரு பிறை, இடப்பக்கம் வாஷர் அழுக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, கியர் பாக்ஸுக்கு முட்டுக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி பழைய தடத்திலேயே உட்கார வைத்து டார்க் ரெஞ்சில் இறுக்கினார்கள். புஷ் போல்ட்டையும் தரையில் இறக்கிய பிறகு தளர்த்தி முறுக்கச் சொன்னேன், உங்கள் பேச்சைக் கேட்டு. மெக்கானிக் சிரித்துக்கொண்டே "எந்த கடையில வேலை பாக்குறீங்க சார்?" என்றார்.

பிறகு மறுபடி மெஷின். கேம்பர் இடது மைனஸ் 18, வலது மைனஸ் 27. டோவும் திருத்தி, ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யம் செய்து கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. வெளிக்கடையில் கொடுத்த 700 மட்டும் என் கணக்கு, அதைக் கேட்கவும் தோன்றவில்லை.

நேற்று அதே பெரம்பலூர் ரோடு, அதே 80. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனேன். வெளித் தடத்தில் மட்டும் மெதுவாக இடப்பக்கம் சாய்கிறது, ஷார்ஜா நண்பர் சொன்ன சரிவு அதுவாகத்தான் இருக்கும். டயர்களைப் பின்னால் போட்டாயிற்று, உறுமிக்கொண்டுதான் வருகின்றன.

மலைப்பாதை:

அந்தப் பிறை தெரியும் இடத்தைப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் போடுங்கள்.

பொன்மலைக்காரன்:

எடுக்கவில்லையே, கையில் போன் இருந்ததே ஞாபகம் இல்லை.

ரசமட்டம்:

எல்லாம் சொன்னீர்கள், கடைசி டோ எவ்வளவு என்று சொல்லவில்லை.

பொன்மலைக்காரன்:

இரண்டு பக்கமும் பிளஸ் 3 மினிட் அண்ணே.

ரசமட்டம்:

போதும், ஓட்டுங்கள்.